மூக்கால் எழுதிய அறிக்கை

என் பக்கத்து இருக்கைத் தோழியே, உன்னைக் கெஞ்சிக் கேட்கிறேன், இதை யாரிடமும் காட்டாதே. உன் அக்காவிடம்கூட வேண்டாம். டீச்சரிடம் வேண்டவே வேண்டாம். நாளை சலவை ஆலையின் ஆண்டு விழாவில் நான் பேசும்போது, திரைக்குப் பின்னால் நின்று, வரி மறந்தால் எடுத்துக் கொடுக்கப்போகிறவள் நீ. டீச்சர் எழுதித் தந்த நான்கு பக்கம் உன் கையில் இருக்கும். அதற்கு அடியில் இந்தத் தாள்களை வைத்துக்கொள். நான் பேசப்போவது இதைத்தான்.

விளக்கைத் தாழ்த்தி வைத்துக்கொண்டு எழுதுகிறேன். எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள். அம்மா அடுத்த அறையில் படுத்திருக்கிறார். அவர் வேலை செய்யும் ஆலையில், அவரைப் பற்றியே பேசப்போகிறேன் என்று அவருக்குத் தெரியாது. தெரிந்தால் இந்தத் தாள்கள் அடுப்புக்குப் போகும், நான் பள்ளிக்குப் போகமாட்டேன். நாளை என் பேச்சு முடிந்ததும் அம்மாவுக்கு வேலை இருக்குமா இருக்காதா என்று எனக்குத் தெரியாது. ஆனாலும் எழுதுகிறேன். இனி பேச்சு.

அவைக்குத் தலைமை ஏற்று, நிமிர்ந்த முதுகோடும் நேரம் தவறாத கடிகாரத்தோடும் வீற்றிருக்கும் ஆலைத் தலைவர் அவர்களே! அவருக்கு அருகே அமர்ந்து, எண்களை எடுத்தடுக்கி எங்களை எண்ணிப் பார்க்க வைக்கும் மேலாளர் அவர்களே! இன்று கேடயம் பெறக் காத்திருக்கும் மேற்பார்வையாளர் ஐயா அவர்களே! எனக்கு எழுத்தைத் தந்த ஆசிரியப் பெருமக்களே! மூட்டை சுமந்து தோள் வளைந்தாலும் முகம் வாடாத மூத்தோரே! வண்டி தள்ளித் தள்ளி வாசற்படியையே தேய்த்துவிட்ட அண்ணன்மார்களே! அனைவருக்கும் மேலாக, நீராவியில் நின்று நின்று நெற்றி சிவந்த என் தாய்மார்களே! உங்கள் அத்தனை பேரின் முன்னும் என் பத்து விரல்களும் குவிகின்றன.

எனக்குத் தந்திருக்கும் தலைப்பு, அழைப்பிதழில் இரண்டு வரி நீளம். நிறுவன மாற்றத்துக்கும் அறிவுசார் பொருளாதார வளர்ச்சிக்கும் டிஜிட்டல் தொழில்நுட்பம் ஆற்றும் துணை. தலைப்பைப் படித்து முடிப்பதற்குள் எனக்கு ஒரு குவளைத் தண்ணீர் தேவைப்பட்டது. (இங்கே சிரிப்பார்கள் என்று நினைக்கிறேன். சிரிக்காவிட்டால் நீ அடுத்த வரியைச் சட்டென்று எடுத்துக் கொடு.)

அறிவு என்றால் என்ன? அது ஆகாயத்திலிருந்து விழுகிறதா? அயல் நாட்டுக் கப்பலில் வருகிறதா? அட்டைப் பெட்டியில் அடைத்து, மேலே 'கவனம், கண்ணாடி' என்று எழுதி வருகிறதா? சென்ற ஆண்டு இந்த ஆலைக்கு அப்படித்தான் வந்தது. நான்கு தொடுதிரைகள். நான்கையும் நான்கு இரும்புக் கால்களில் பொருத்தி, இஸ்திரிப் பிரிவில் இரண்டும் மடிப்பு மேசைக்குப் பக்கத்தில் இரண்டுமாக நிறுத்தினார்கள். படுக்கை விரிப்பு ஒன்று கிழிந்தால், கறைபட்டால், அது ஏன் என்று அந்தத் திரையில் பதிய வேண்டும். மருத்துவமனைகளும் விடுதிகளும் அனுப்பும் விரிப்புகள் நாளுக்கு நான்காயிரம். காரணம் தெரிந்தால் குறையைக் களையலாம். அருமையான எண்ணம்! அதைக் குறை சொல்ல நான் இங்கே வரவில்லை.

ஆனால் அன்பானவர்களே, அந்தத் திரையைச் செய்தவர் ஒரு நாளாவது ஈரக் கையோடு நின்றிருப்பாரா?

இஸ்திரிப் பிரிவில் எல்லோர் கையிலும் உறை. உறையில் ஈரம். உறை போட்ட விரலை அந்தத் திரை மதிக்காது. உறையைக் கழற்றினால் வெறுங்கையில் வியர்வை. அதையும் மதிக்காது. பின்னால், விரிப்புகளை உள்ளிழுத்துத் தேய்க்கும் உருளை இயந்திரம் சுற்றிக்கொண்டே இருக்கிறது, அது யாருக்காகவும் நிற்காது. என்ன செய்வார்கள்? உடம்பில் உலர்ந்த இடம் எது? அங்கே பின்வரிசையில் வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கும் நெட்டை அக்காவே, நீங்களே சொல்லுங்கள். மூக்கு! ஆம், மூக்கு! குனிந்து, பச்சைப் பொத்தானை மூக்கால் ஒரு முட்டு முட்டிவிட்டு உருளைக்கு ஓடினார்கள். ஒருவர் இருவர் அல்ல, பதினொரு பேர். ஒரு நாள் இரண்டு நாள் அல்ல, மூன்று மாதம்.

பள்ளி விட்டதும் நான் ஆலையின் பொருளறையில் உட்கார்ந்து பாடம் படிப்பது வழக்கம். கண்ணாடிக் கதவு வழியாக அதைப் பார்த்துப் பார்த்துச் சிரித்திருக்கிறேன். நெட்டை அக்கா சொல்வார், "ஏய் பாப்பா, சிரிக்காத. எங்க மூக்கு படிச்ச மூக்கு. கம்ப்யூட்டர் தெரிஞ்ச மூக்கு."

மூன்று மாதம் கழிந்தது. மேலாளர் அவர்கள் எல்லோரையும் கூட்டினார். கையில் ஒரு தாள். அவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால்கூடத் தாங்கியிருக்கலாம். மெதுவாகச் சொன்னார், "நூத்துக்கு எண்பத்தேழு கிழிசலுக்குக் காரணம் பணியாளர் கவனக்குறைவு. இது நான் சொல்றதில்ல. நீங்களே பதிஞ்சது. இஸ்திரிப் பிரிவுல பதினோரு பேரையும் மாசக் கடைசியில அனுப்பச் சொல்லி மேலிருந்து வந்திருக்கு."

நாங்களே பதிந்ததா? நாங்களா? யார் எழுதினார்கள்? எப்போது எழுதினார்கள்?

அன்று மாலை என் அம்மா என்னைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்த் திரையின் முன் நிறுத்தினார். முந்தானையால் ஆவியைத் துடைத்தார். "படிடி" என்றார். படித்தேன். காரணங்கள் ஐந்து. முதல் வரி, 'பணியாளர் கவனக்குறைவு'. திரை திறக்கும்போதே அந்த வரி தேர்வாகி நிற்கிறது. அதற்குக் கீழே பச்சைப் பொத்தான். வேறு வரியை விரலால் தொடாமல் பொத்தானை மட்டும் முட்டினால் முதல் வரியே பதிவாகும்.

நெட்டை அக்கா கன்னத்தில் கை வைத்தார். "ஐயையோ, நான் அத தலைப்புன்னு நெனச்சேனே! கவனமா இருங்கன்னு நமக்குப் புத்தி சொல்றாங்கன்னு நெனச்சேனே!"

தலைவர் அவர்களே! தன் தலையைத் தானே வெட்டும் தாளில் தன் மூக்காலேயே கையெழுத்திட்ட கதை இந்த உலகில் வேறு எங்கேனும் நடந்ததுண்டா? அந்தப் பட்டியலை எழுதியவர் கெட்டவர் அல்லர். ஏன் கிழிகிறது என்று கேட்டதும் அவர் மனதில் முதலில் வந்தது அதுதான், முதலில் எழுதிவிட்டார். மனதில் முதலில் வருவதெல்லாம் அறிவாகுமா? மின்னும் திரையில் மின்னுவதெல்லாம் மெய்யாகுமா?

இனிதான் வெற்றிக் கதை. காதைக் கொடுங்கள்!

அந்தப் பதினொரு பேரில் என் அம்மா இல்லை. அவர் மடிப்பு மேசைக்காரர். அவர் வேலைக்கு ஆபத்தில்லை. சும்மா இருந்திருக்கலாம். இருந்தாரா? பதினைந்து நாள், கிழிந்த விரிப்பு ஒன்றைக்கூடக் கந்தல் கூடையில் போட விடவில்லை. மொத்தம் ஐம்பத்தெட்டு சேர்ந்தது. ஒரு மாலையில் அத்தனையையும் மடிப்பு மேசையில் ஒன்றன்மேல் ஒன்றாக, ஓரத்தோடு ஓரம் பொருத்தி விரித்தார். பக்கத்தில் நின்ற எல்லோரும் குனிந்து பார்த்தோம். ஐம்பத்தெட்டில் நாற்பத்தொன்பது கிழிசல்கள் ஒரே இடத்தில்! இடது ஓரத்திலிருந்து ஒரு சாண் தள்ளி, நேர்க்கோட்டில், ஓட்டைக்கு மேல் ஓட்டை, கிணறு மாதிரி கீழே இறங்கிக்கொண்டே போயிற்று.

"பதினோரு பேரும் கவனக்குறைவா இருந்தா, பதினோரு எடத்துல இல்ல கிழியணும்?" என்றார் அம்மா. "கவனக்குறைவுக்கு அளவுகோல் வெச்சுக் கிழிக்கத் தெரியுமா?"

உருளை இயந்திரத்தின் இடப்பக்கம், விரிப்பு உள்ளே நுழையும் இடத்தில் ஒரு திருகாணி தலை தூக்கி நின்றது. அரிசி அளவு. ஆவிக்குள் கண்ணுக்குத் தெரியாது. அம்மா கையை வைத்துத் தடவிக் கண்டுபிடித்தார்.

உடனே எல்லோருமாகப் போய் மேற்பார்வையாளர் ஐயாவிடம் சொன்னார்கள். ஐயா அவர்களே, நீங்கள் சொன்ன பதிலை நான் கூட்டவும் மாட்டேன், குறைக்கவும் மாட்டேன். "மெக்கானிக்க கூப்பிடணும்னா சிஸ்டத்துல பழுதுன்னு பதிவாகணும். உருளை கிழிக்குதுன்னு பட்டியல்லயே இல்லையேம்மா, நான் என்ன பண்ண?"

"பட்டியல்ல சேத்துடுங்களேன், சார்."

"அதெல்லாம் மேலிடத்து வேலை. நாளைக்குப் பாக்கலாம்."

நாளை வந்தது. நாளை மறுநாள் வந்தது. மாதக் கடைசி வந்துகொண்டிருந்தது. பட்டியலில் இல்லாத பழுது உலகத்திலேயே இல்லை! பட்டியலில் இருக்கும் குற்றம் செய்யாவிட்டாலும் உண்டு! அந்தப் பட்டியலைத் திறந்து மாற்ற மேற்பார்வையாளர் பெயரும் கடவுச்சொல்லும் வேண்டும். அந்தக் கடவுச்சொல் எங்கே இருந்தது? மறந்துவிடக் கூடாதென்று ஐயா அவர்களே திரையின் இரும்புக் காலில், பின்பக்கமாக, தாளில் எழுதி ஒட்டியிருந்தார். தினமும் அந்தக் காலைத் துடைப்பவர்கள் யார்? எங்கள் தாய்மார்கள்!

(தோழி, இங்கேதான் நான் நிறுத்திவிடுவேனோ என்று பயம். நீ மேலே படி, என்னை விடாதே.)

நுழைந்தார்கள். அம்மா சொல்லச் சொல்ல, பதினொரு பேரும் சுற்றி நின்று திருத்தத் திருத்த, ஐந்து வரி அழிந்து பதினான்கு வரி பிறந்தது. 'உருளை இடப்பக்கம் கடிச்சது.' 'வண்டித் துரு ஒட்டிச்சு.' 'வரும்போதே கிழிஞ்சு வந்தது.' 'யாரோ குண்டூசிய எடுக்கல.' 'மருந்துக் கறை, வெந்நீர்ல போட்டா போகாது.' எந்தப் புத்தகத்தில் இருந்தன இந்த வரிகள்? எந்தக் கல்லூரி கற்றுத் தந்தது? இருபது வருடமாக இந்தக் கைகளுக்குள் இருந்தன. கேட்பதற்குத்தான் ஆள் இல்லை.

எந்த வரியும் முன்கூட்டியே தேர்வாகாமல் வைத்தார்கள். கவனக்குறைவை அழித்துவிடலாம் என்றார் நெட்டை அக்கா. அம்மா விடவில்லை. "இருக்கட்டும்டி. நமக்கும் தப்பு வரும். கடைசி வரியா வெய்யி" என்றார். அதைவிட நேர்மையான அறிக்கையை இந்த ஆலை கண்டதுண்டா? இன்னொன்றும் செய்தார்கள். அந்தத் திரைக்குக் குரலைக் கேட்டுப் பதியும் வசதி ஏற்கெனவே இருந்தது. யாரோ அணைத்து வைத்திருந்தார்கள். அதைத் திறந்துவிட்டார்கள். மூக்குக்கு விடுதலை! இனி உருளைப் பக்கத்தில் நின்றபடியே சத்தமாகச் சொன்னால் போதும்.

முதல் வாரம் அது எல்லாவற்றையும் கேட்டது. மேலாளர் அவர்கள் திறந்து பார்த்தபோது, 'உருளை இடப்பக்கம் கடிச்சது' என்பதற்கு அடுத்த வரியில், 'மேனேஜர் சட்டைப் பொத்தான மாத்திப் போட்டிருக்காரு பாத்தியாடி' என்றும் பதிவாகியிருந்தது. அவர் குனிந்து பார்த்தார். உண்மைதான்! அன்றுதான் இந்தத் தரவு நம்பத் தகுந்தது என்று அவருக்கு உறுதியானது.

ஒரே வாரத்தில் இருபத்திரண்டு முறை 'இடப்பக்கம் கடிச்சது' என்று பதிவானது. மெக்கானிக் அண்ணன் வந்தார். திருகாணியை முடுக்கினார். அரை நிமிட வேலை. "இதுக்கா மூணு மாசம்?" என்று கேட்டுவிட்டுப் போனார். அடுத்த மாதம் முழுவதும் கிழிந்த விரிப்புகள் எத்தனை? ஒன்பது! போன பெண்கள் எத்தனை பேர்? ஒருவரும் இல்லை! பதினொரு பேரும் இதோ, இந்த அவையில், உங்கள் கண் முன்னால் அமர்ந்திருக்கிறார்கள். கை தட்டுங்கள், அவர்கள் கைகளுக்காகக் கை தட்டுங்கள்!

இதுதான் நிறுவன மாற்றம். முன்பு அறிக்கை மேலே போகும், ஆணை கீழே வரும், நடுவில் யாரும் யாரையும் பார்க்கமாட்டார்கள். இன்று காலைதோறும் பத்து நிமிடம் மேலாளர் அவர்களே மடிப்பு மேசைக்கு வந்து நிற்கிறார். நேற்றைய பதிவைப் படிக்கிறார். "இது என்னம்மா, புரியல" என்று கேட்கிறார். கேட்கக் கற்ற மேலாளர்! சொல்லக் கற்ற தொழிலாளர்! இருவருக்கும் நடுவில், இருவரையும் எதிரெதிரே நிறுத்திய ஒரு திரை! இதைவிடத் தொழில்நுட்பம் வேறென்ன செய்ய வேண்டும்?

செய்தி பரவியது. வேறு ஊர்களில் உள்ள மூன்று சலவை ஆலைகள் அந்தப் பட்டியலைக் கேட்டன. முன்பு இந்த வாசல் வழியாக வெளுத்த துணி மட்டும் போயிற்று, இன்று அறிவும் போகிறது. அதற்கென்றே ஒரு பயிற்சிப் பிரிவு நாளை முதல் தொடங்குகிறது. அதன் தலைவராகப் பொறுப்பேற்பவர், இன்று கேடயம் பெறுபவர், மேற்பார்வையாளர் ஐயா. ஏனென்றால் கணினி சொல்கிறது, 'மாற்றியவர்: மேற்பார்வையாளர்' என்று. 'கடிச்சது என்ற சொல் உங்களுக்கு எப்படித் தோணிச்சு?' என்று தலைவர் கேட்டபோது, "சும்மா, மனசுல தோணிச்சு சார்" என்றாராம்.

நான் அம்மாவிடம் கேட்டேன். "உன் பட்டியல்னு சொல்லேம்மா."

"வாய மூடு பாப்பா. அடுத்தவங்க பேர்ல உள்ள நுழைஞ்சா அன்னைக்கே வீட்டுக்குன்னு கதவுலயே ஒட்டியிருக்கு. பட்டியல் யாரோடதா இருந்தா என்ன? பதினோரு பேரும் வேலையில இருக்காங்களா இல்லையா?"

நானும் வாயை மூடிக்கொண்டுதான் இருந்தேன், தாய்மார்களே. பயந்துகொண்டுதான் இருந்தேன். ஆனால் நான்கு நாட்களுக்கு முன் பொருளறையில் படித்துக்கொண்டிருந்தபோது, மேற்பார்வையாளர் ஐயாவுக்கு ஒரு தொலைபேசி வந்தது. வேறு ஊர் ஆலையிலிருந்து ஓர் அம்மா. குரல் எனக்கே கேட்டது. "சார், எங்க உருளை இடப்பக்கம் கடிக்கல. நடுவுல கிழியுது. நீங்க அனுப்பின பட்டியல்ல நடுவுன்னு இல்லையே, எத அழுத்துறது?"

ஐயா சொன்னார், "இடப்பக்கத்தையே அழுத்துங்கம்மா. பட்டியல் அப்படித்தான்."

கேட்டீர்களா? கேட்டீர்களா, அவையோரே? பழைய பொய் போய்ப் புதிய பொய் கிளம்பிவிட்டது! அந்த ஊரில் எத்தனை பேர் இருக்கிறார்களோ? எங்கள் பதினொரு பேருக்கு வரவிருந்த அதே மாதக் கடைசி அவர்களுக்கும் வரும். பட்டியலை அனுப்பலாம், ஒரு நொடியில் போய்விடும். ஐம்பத்தெட்டு விரிப்பை ஓரத்தோடு ஓரம் பொருத்தி விரித்துப் பார்க்கும் கண்ணை யார் அனுப்புவது? பதினான்கு வரி அறிவல்ல. பதினைந்தாவது வரியை எழுதத் தெரிவதே அறிவு. அதைச் சொல்லிக் கொடுக்கத் தெரிந்தவர் இந்த ஆலையில் ஒருவர்தான், அவர் இன்று மேடையில் இல்லை!

தலைவர் அவர்களே! கதவில் ஒட்டியிருக்கும் விதியை நான் மூன்று முறை படித்தேன். 'பிறர் பெயரில் கணினிக்குள் நுழையும் பணியாளர்' என்று தொடங்குகிறது. பணியாளர்! அன்று அந்தக் கடவுச்சொல்லைத் தட்டிய விரல் எந்தப் பணியாளருடையதும் அல்ல. அவர்கள் எல்லோர் கையிலும் ஈர உறை. திரை மதித்த ஒரே உலர்ந்த விரல் இதோ, என்னுடையது. தண்டிப்பதானால் என்னைத் தண்டியுங்கள். வேலையிலிருந்து நீக்குவதானால் முதலில் எனக்கு ஒரு வேலை கொடுத்துவிட்டு நீக்குங்கள்! ஆனால் அந்தப் பயிற்சிப் பிரிவை, மடிப்பு மேசையில் நிற்கும் என் அம்மாவிடம் கொடுங்கள். அவர் மூன்றாவது வரிசையில் அமர்ந்திருக்கிறார். தலையைக் குனிந்துகொண்டிருப்பவர் அவர்தான். அம்மா, நிமிருங்கள்! தாய்மார்களே, அவரை எழுப்பி நிறுத்துங்கள்! திரைகள் வரும், திரைகள் போகும். திரைக்கு முன்னால் நிற்பவரைக் கேட்ட ஆலை வெல்லும், கேட்ட ஊர் வெல்லும், கேட்ட நாடு வெல்லும்!

ஈரம் காயாத கைகளோடு வந்தமர்ந்து, சின்னவள் ஒருத்தியின் சொல்லுக்கு இவ்வளவு நேரம் செவி தந்த உங்கள் ஒவ்வொருவருக்கும் என் நன்றியை விரித்து வைக்கிறேன். தலைமைக்கும் தாய்மைக்கும் தலை தாழ்த்தி, விடைபெறும் என் வண

தோழி, கதவைத் தட்டுகிறார்கள். அம்மா. வாசித்து வாசித்து எழுதியது அடுத்த அறைக்குக் கேட்டுவிட்டது. "தொறடி. எல்லாம் கேட்டாச்சு. விரல் உன்னோடதாம், தண்டனை உனக்காம்! நீ மாட்டிக்கிட்டு நிப்ப, நான் மூணாவது வரிசையில குனிஞ்சு உக்காந்திருப்பேனா? நானே எந்திரிச்சு சொல்றேன். நடுவுல கிழியுதுன்னு கேட்டாளே, அவ எந்த ஊரு? பேரு வாங்கி வெச்சியா? மொதல்ல கதவத் தொற" என்கிறார். இரு, நான் தாழ்ப்பா